விழச் சொன்னார்கள்

மல்யுத்தப் பாயை ஜிம்முக்கு நடுவே இழுத்துப் போட்டுவிட்டு, "இன்னைக்கு உதைக்கப் போறதில்ல, விழப் போறோம்" என்று கோச் ஸ்டிக்னி சொன்னபோது, அவர் வேடிக்கை பண்ணுகிறார் என்றுதான் ரோலண்ட் ஹோலெக் நினைத்தான். வாய்விட்டுச் சிரித்தும்விட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

ரோலண்ட், டோர்வெல் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் பந்து உதைப்பவன். அதுதான் அவனுக்குக் கடைசி வருடம். அவன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டான், எறியமாட்டான், எவன் மேலும் பாய்ந்து சாய்க்கமாட்டான். மூன்று முயற்சியில் அணியால் பத்து கெஜம் முன்னேற முடியாமல் போனால், நாலாவது முயற்சிக்கு அவனைக் கூப்பிடுவார்கள். அவன் பந்தைக் கையிலிருந்து விட்டு, எதிராளியின் பக்கம் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் உதைத்து அனுப்புவான். அதற்குப் பெயர் பன்ட். ஓர் ஆட்டத்துக்கு ஐந்தாறு தடவை அந்த வேலை வரும். மற்ற நேரமெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்று, உள்ளங்கையை ஊதிச் சூடாக்கிக்கொண்டிருப்பான்.

"நாங்க சொதப்பினாத்தான் இவனுக்குச் சோறு" என்று மற்ற பையன்கள் கேலி செய்வார்கள்.

"உங்க புண்ணியத்துல எனக்குப் பசியே வந்ததில்ல" என்று அவனும் திருப்பிக் கொடுப்பான்.

ஆனால் அந்த ஐந்தாறு உதைக்காக அவன் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது. சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் ஏற்றும் அப்பாவின் லாரி நிற்கும் கொட்டகையின் சிமெண்ட் தரையில், ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அவன் செய்ததெல்லாம் பந்தைக் கையிலிருந்து கீழே விடுவது மட்டும்தான். உதைப்பதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முட்டை மாதிரி நீண்டு, இரண்டு முனையும் கூரான அந்தப் பந்தை விடத் தெரியாதவனுக்கு உதைக்கத் தெரிந்து பயனில்லை. தையல் மேலே பார்க்க வேண்டும். வலது கை மட்டும் பந்தைத் தாங்கி, வலது இடுப்புக்கு நேர் முன்னே நீண்டிருக்க வேண்டும். முன்முனை ஒரு நூல் கீழே தாழ்ந்திருக்க வேண்டும். தூக்கிப் போடக்கூடாது, மேசையிலிருந்து மேசை விரிப்பை உருவினால் மேலே இருந்த தட்டு எப்படி அப்படியே நிற்குமோ, அப்படிக் கையை மட்டும் அகற்ற வேண்டும். சரியாக விட்டால் பந்து தரையில் பட்டுக் குதித்து அவனிடமே திரும்பி வரும். கோணலாக விட்டால் கொட்டகை மூலையில் உள்ள டீசல் பீப்பாய்க்கு ஓடும். முதல் கோடை முழுக்க அவன் டீசல் பீப்பாய்க்கு நடந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் கால். வலது காலால் ஒரு சின்ன அடி, இடது காலால் ஒரு நீள அடி, பிறகு உதை. கட்டைவிரல் தரையைப் பார்த்து நீண்டிருக்க, கணுக்கால் கம்பி போல இறுகியிருக்க, பாதத்தின் மேலெலும்பில் பந்து பட வேண்டும். பந்து போய் நெடுநேரம் ஆகும்வரை தலை நிமிரக்கூடாது. அப்படி விழுந்த உதையில் எழும் சத்தம் ஒன்று உண்டு: அகலமான கதவு ஒன்று காற்றில் அறைந்து மூடியது போல. அந்தச் சத்தம் கேட்டால் பந்தைப் பார்க்கவே தேவையில்லை.

இதெல்லாம் தெரிந்தவனைத்தான் கோச் ஸ்டிக்னி விழச் சொன்னார்.

"உதைச்ச கால் மேல போயிருக்கும் இல்லியா? ஒத்தக் கால்ல நிக்கிற அந்த நேரத்துல உன்னை எவனாவது இடிச்சா என்ன ஆகும்?" என்று அவர் பையன்களைப் பார்த்துக் கேட்டார்.

"மஞ்சக் கொடி விழும், கோச்!" என்று எல்லோரும் கத்தினார்கள். தப்பாட்டம் நடந்தால் நடுவர் வீசும் கொடி அது.

"விழுந்தா?"

"பதினஞ்சு கெஜம்! பந்தும் திரும்ப நமக்கே!"

"அப்போ, பாயுறவன் சட்டைக் காத்து உன்மேல பட்டாக்கூட நீ கீழ கிடக்கணும். முட்டியப் பிடிச்சுக்கிட்டு. நடுவர் காதுல விழற மாதிரி கத்திக்கிட்டு. ரோலண்ட், வா. விழு."

ரோலண்ட் பாயின் ஓரத்தில் நின்றான். "படலைன்னா, கோச்?"

"பட்ட மாதிரி விழு."

"விழணும்னு மனசுல வச்சுக்கிட்டு உதைச்சா உதையே கெட்டுப்போகும், கோச். உடம்பு முன்னாடியே பின்பக்கம் சாஞ்சிடும். கண்ணு பந்தை விட்டுட்டு, எவன் வரான்னு தேடும். கையிலேருந்து பந்து விடறதே கோணலாயிடும்."

"எனக்கே பாடமா?"

"இல்ல கோச். உதைக்கிறது எப்படின்னுதான் சொல்றேன்."

"உதைக்கிறது எப்படின்னு நான் சொல்றேன், கேட்டுக்கோ. முறையான உதைக்குக் கடைசிப் படி விழறதுதான். அது வரலைன்னா உனக்கு உதைக்கவே வரலைன்னு அர்த்தம்."

ரோலண்டுக்குக் காது மடல் வரை சூடேறியது. இத்தனை வருடமாகக் கொட்டகையில் அவன் கற்றதற்கும் இந்த மனிதர் இப்போது உளறுவதற்கும் ஒரே பெயரா? திருட்டுத்தனத்தைத் திருட்டுத்தனம் என்று சொல்லிவிட்டுச் செய்யச் சொன்னால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அதை 'முறை' என்றாரே, அதுதான் பொறுக்கவில்லை.

"நான் விழுறேன் கோச்!" என்று டாட் லிண்ட்கிரென் முன்னே வந்தான். அணிக்காகப் பந்தை எறிபவன் அவன். ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடும் பையன். ஒரு காலைத் தூக்கினான், கையை விரித்தான், மரம் சாய்வது போலப் பாயில் விழுந்தான். "ஐயோ என் முட்டி! அம்மா!" என்று உருண்டான். ஜிம் கைதட்டலில் அதிர்ந்தது. ஸ்டிக்னியின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, சிரித்துச் சிரித்து.

அந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தில், உதைத்து முடித்த ரோலண்டின் தொடையில் ஒருவன் முழங்கை உரசியது. அவன் தள்ளாடினான், ஆனால் நின்றுவிட்டான். கொடி விழவில்லை. அணி தோற்றது. திரும்பும் பஸ்ஸில் ஸ்டிக்னி முன்சீட்டிலிருந்து திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி, "சிலை மாதிரி நின்னியேப்பா! உனக்கு ஒரு மண்டபம் கட்டணும்" என்றார். திங்கட்கிழமை முதல் பந்து உதைக்கும் வேலை டாடுக்குப் போனது.

அடுத்த ஆட்டம் சில்வர் பெண்டோடு. பிளாட் நதியின் மறுகரையில், சர்க்கரை ஆலைக்குப் பக்கத்து ஊர். அந்த அணியில் ரமீரோ எஸ்கிபெல் என்று ஒருவன். உதைப்பவனை நோக்கிப் பாய்ந்து பந்தைத் தடுப்பதில் சூரன். ரோலண்ட் அவனைப் போன வருடமே பார்த்திருக்கிறான். ரமீரோ உதைப்பவன் மேல் பாயமாட்டான். உதைப்பவனுக்கு முன்னால், பந்து காலை விட்டுக் கிளம்பும் இடத்துக்குக் குறுக்காக, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு மீன் போல வழுக்கிப் போவான். தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் உதைப்பவன் மேல் அவன் நிழல்தான் படும். அதுவும் ஒரு வித்தைதான். தன்னைப் போல அவனும் எந்தக் கொட்டகையில் எத்தனை நாள் விழுந்து எழுந்திருப்பானோ என்று ரோலண்ட் அப்போதே நினைத்திருந்தான்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள். டோர்வெல் மூன்று புள்ளி முன்னணியில் இருந்தது. நாலாவது முயற்சி வந்தது. டாட் உதைக்க நின்றான். ரோலண்ட் கோட்டோரத்தில், நேர் பக்கவாட்டில் நின்றிருந்தான். டாடின் கண் பந்தில் இல்லை என்பதை அங்கிருந்தே பார்த்தான். பந்து கோணலாக விழுந்தது, கால்விரலில் பட்டு, குடித்தவன் நடப்பது போலத் தள்ளாடிக்கொண்டு கொஞ்ச தூரம் போனது. ரமீரோ குறுக்கே வழுக்கிப் போனான். அவனுக்கும் டாடுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. அந்த இடைவெளி வழியே ரோலண்டுக்கு எதிர்ப்பக்கத்து வாத்தியக் குழு தெரிந்தது.

டாட் சாய்ந்தான். "என் முட்டி!"

மஞ்சள் கொடி விழுந்தது. அது மட்டுமா? வேண்டுமென்றே இடித்தான் என்று நடுவர் ரமீரோவை ஆட்டத்தை விட்டே வெளியேற்றினார். அப்படி வெளியேற்றப்பட்டவன் அடுத்த ஆட்டத்திலும் இறங்கக்கூடாது என்பது விதி.

ரமீரோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவர் பின்னாலேயே நடந்தான். "ஐயா, நான் தொடல ஐயா. சத்தியமா தொடல. அவனையே கேளுங்க ஐயா."

டாட் முகத்தைப் புல்லில் புதைத்து முனகிக்கொண்டிருந்தான்.

ரோலண்ட் ஓரடி முன்னே வைத்தான். ஸ்டிக்னி திரும்பாமலே, "நீ என்ன பார்த்தே?" என்றார்.

"ஒண்ணும் படல, கோச்."

"நீ ஒண்ணும் பார்க்கல."

ரோலண்ட் முன்னே வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பந்து மறுபடி டோர்வெல்லுக்கு வந்தது. டோர்வெல் ஜெயித்தது. டாட் துள்ளிக் குதித்து ஓடினான், எந்த முட்டியைப் பிடித்துக் கத்தினானோ அதே முட்டியோடு.

திங்கட்கிழமை மாலை, வழக்கம்போலப் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஊர்க்காரர்களுக்கு விருந்து. காரமான மாட்டிறைச்சிக் குழம்பும் அதற்குத் துணையாக இலவங்கப்பட்டை ரொட்டியும். சாப்பிட்டுக்கொண்டே வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் படத்தைப் பார்ப்பார்கள். ஸ்டிக்னி புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வார். ரோலண்டின் அப்பா எட்வினும் வந்திருந்தார். பீட்ரூட் அறுவடைக் காலம். லாரியை வெளியே நிறுத்திவிட்டுச் சேறு படிந்த பூட்ஸோடு கடைசி மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டாட் விழும் இடம் வந்தது. ஸ்டிக்னி படத்தை மெதுவாக ஓட்டினார். டாட் சாய்வதற்கு முன்பே அவன் வாய் திறப்பது திரையில் தெரிந்தது. கூடம் வெடித்துச் சிரித்தது.

"இவனை சினிமாவுக்கு அனுப்புங்கப்பா!" என்று டிராக்டர் கடைக்காரர் கத்தினார்.

"இன்னும் ஒருதரம்! இன்னும் ஒருதரம்!" என்று பெட்ரோல் பங்க் பெர்னி மேசையைத் தட்டினார்.

திருப்பி ஓட்டினார்கள். இடைவெளி திரையில் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்தேதான் சிரித்தார்கள். தெரியாமல் ஏமாந்திருந்தால் பரவாயில்லை. தெரிந்து, வாய் கொள்ளாமல் ரொட்டியை மென்றுகொண்டு சிரித்தார்கள். ஸ்டிக்னி டாடின் தலைமுடியைக் கோதிவிட்டார்.

"அந்தப் பையன் தொடவே இல்லயே!"

கூடம் அடங்கியது. தான்தான் கத்தினோம் என்பதும், தான் எழுந்து நிற்கிறோம் என்பதும் ரோலண்டுக்கு ஒன்றாகத் தெரிந்தது.

"தொடவே இல்ல. எல்லாரும் பாக்கறீங்கதானே? அவன் தப்பு பண்ணாம வெளிய போயிருக்கான். வர்ற வெள்ளிக்கிழமை அவங்க ஊர்ல அவனுக்குக் கடைசி ஆட்டம். அன்னைக்குத்தான் கடைசி வருஷப் பசங்க அப்பா அம்மாவை மைதானத்துல கூட்டிட்டு நடப்பாங்க. அவன் நடக்க முடியாது. இது உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

"உட்காருடா" என்றார் ஸ்டிக்னி.

"இந்தப் படத்தை நடுவருக்கு அனுப்புங்க கோச்."

"இடத்தைப் பறிகொடுத்த வயித்தெரிச்சல்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"எட்வின், உன் பையனைக் கொஞ்சம் அடக்கு" என்றார் ஸ்டிக்னி, கடைசி மேசையைப் பார்த்து.

எட்வின் ஸ்பூனைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "படத்தை இன்னொரு தரம் போடுங்க."

"எதுக்கு?"

"எனக்குக் கண்ணு அவ்வளவு சரியில்ல. இன்னொரு தரம் பாத்துடறேனே."

போடாமல் இருக்க முடியவில்லை. படம் பின்னோக்கி ஓடி, மறுபடி முன்னோக்கி ஓடியது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. புரொஜெக்டர் மட்டும் கடகடத்தது.

"படல" என்றார் எட்வின். மறுபடி ஸ்பூனை எடுத்துக் குழம்பைச் சாப்பிட ஆரம்பித்தார்.

ஸ்டிக்னி விளக்கைப் போட்டார். அவர் கழுத்து சிவந்திருந்தது. "ஆட்டம் முடிஞ்சது. நடுவர் சொன்னதுதான் தீர்ப்பு. ரோலண்ட், நாளைக்குக் காலைல உன் அணிச் சட்டையைக் கொண்டுவந்து என் மேசை மேல வச்சிடு."

சட்டையைக் காலையில் வைத்தான். பள்ளி விட்டதும் அப்பாவின் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டினான். சில்வர் பெண்டில் நுழையும்போதே ஆலையிலிருந்து வேகவைத்த பீட்ரூட் நாற்றம் கண்ணை எரித்தது. ரமீரோவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை, கேட்ட முதல் ஆளே கையைக் காட்டிவிட்டு, எச்சரிக்கையாக, "டோர்வெல் வண்டியா?" என்றார்.

ரமீரோ வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தான். ரோலண்ட் தான் யார் என்று சொன்னான். படல என்று எனக்குத் தெரியும், ஊர் முன்னால் சொன்னேன், என்னை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று ஒரே மூச்சில் கொட்டினான். கைகொடுப்பான் என்று எதிர்பார்த்தானோ என்னவோ.

ரமீரோ கோடாலியைக் கட்டையில் இறக்கினான். "படலைன்னு எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லவா ஆத்தைத் தாண்டி வந்தே?"

"இல்ல..."

"வெள்ளிக்கிழமை எங்க இருந்தே?"

"கோட்டோரத்துல."

"நான் நடுவர்கிட்ட கெஞ்சினப்போ?"

"அங்கதான்."

"வாய் எங்க இருந்துச்சு?"

ரோலண்டின் தலை தானாகக் குனிந்தது.

"எங்கம்மா அன்னைக்குப் போட்டுக்கப் புது டிரெஸ் தச்சு வச்சிருக்காங்க" என்றான் ரமீரோ. "ஆலையில லீவு கேட்டு, சண்டை போட்டு வாங்கியிருக்காங்க. உங்க ஆளு புல்லுல உருண்ட உருளலுக்கு அதெல்லாம் போச்சு. இப்போ வந்து 'எனக்குத் தெரியும்'ங்கற. நீ உண்மையிலயே உதைக்கிறவன்தானா? இல்ல நீயும் விழறவனா?"

"நான் விழமாட்டேன்." இதைச் சொல்லும்போது ரோலண்டின் குரல் உயர்ந்தது. "அதுக்குத்தான் என்னை எடுத்தாங்க. என் வண்டியில பந்து இருக்கு. வா. நீ என்மேல பாஞ்சு வா. நான் உதைக்கிறேன். விழறேனா பாரு."

பின்பக்கம், அறுவடை முடிந்த பீட்ரூட் வயல். மண் கட்டியும் காய்ந்த இலையுமாகக் கிடந்தது. ரமீரோவின் தம்பி ஒருவன் பந்தை ரோலண்டிடம் எறிந்தான். ரோலண்ட் பிடித்தான், தையலை மேலே திருப்பினான். ரமீரோ காளை போல வந்துகொண்டிருந்தான். கோபமெல்லாம் காலில் இருந்தது. ரோலண்ட் அவனைப் பார்க்கவில்லை. பந்தை மட்டும் பார்த்தான். சின்ன அடி, நீள அடி. கை அகன்றது. பந்து அசையாமல், தட்டையாகக் கீழே இறங்கியது. கதவு அறைந்தது.

ரமீரோவின் விரல்கள் பந்தின் அடியைத் தொடாமல் தொட்டுக்கொண்டு போயின. அவன் குறுக்கே வழுக்கி மண்ணில் உருண்டான். ரோலண்ட் ஒற்றைக் காலில், மற்றது முகத்துக்கு நேரே நீண்டிருக்க நின்றான். பிறகு மெல்ல இறக்கினான். பந்து சுழன்று சுழன்று, வயலைத் தாண்டி, வாய்க்காலையும் தாண்டிப் போயிற்று.

"அடப்பாவி" என்றான் ரமீரோ, மண்ணில் படுத்தபடியே. "இதை விட்டுட்டா அந்தச் சொத்தையை உதைக்க விட்டாங்க?"

"அதான் நானும் கேக்கறேன்!"

இருவருக்கும் கோபம் தீரவில்லை. ஆனால் அது இப்போது ஒரே பக்கம் பார்த்தது.

மறுநாள் இருவரும் சில்வர் பெண்ட் தலைமையாசிரியையிடம் போனார்கள். உயரமான, கண்டிப்பான அம்மா. ரோலண்ட் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அப்போதே போனை எடுத்து மாநில விளையாட்டுச் சங்கத்தைக் கூப்பிட்டார். நீளமாகப் பேசினார். கடைசியில் போனை வைத்த வேகத்தில் மேசையிலிருந்த பேனா உருண்டது.

"நடுவர் கண்ணால பாத்ததா சொன்னதை மாத்த விதியில இடமில்லையாம். எதிரணிப் பையனே சொல்றான்னேன். விழுந்தவன் சொன்னாலாவது யோசிக்கலாம்ங்கறாங்க."

ரோலண்ட் அந்தப் போனிலேயே டாடைக் கூப்பிட்டான்.

"உனக்குப் பைத்தியமா?" என்றான் டாட். "நான் போய், நான் நடிச்சேன்னு சொல்லணுமா?"

"நடிச்சேதானே?"

"கோச் சொன்னார், செஞ்சேன். அவனுக்கு ஒரு ஆட்டம் போனா என்னடா? உலகமா முழுகிடும்?"

"உனக்கு அந்த ஒரு ஆட்டம் போயிருந்தா?"

"என்னோடது போகலயே" என்று சொல்லி டாட் போனை வைத்துவிட்டான்.

தலைமையாசிரியை அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "ஆட்டத்துல கலந்துக்கக் கூடாது. ஆட்டம்ங்கறது நடுவர்கள் மைதானத்துல கால் வச்சதுலேருந்து தொடங்குது. அதுக்கு முன்னால அந்தப் புல்தரை என் பள்ளிக்கூடத்தோடது. பெற்றோர் நடக்கறதை நான் சாயங்காலமே வச்சுக்கறேன். எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை, சூரியன் இறங்கும் முன்பே சில்வர் பெண்ட் மைதானம் நிரம்பிவிட்டது. ரமீரோவின் அம்மா நீல நிறத்தில் புது உடுப்பு போட்டு, தோளில் மஞ்சள் சாமந்தி குத்திக்கொண்டு, மகன் கையைக் கோத்துப் புல்தரையில் நடந்தார். ஒலிபெருக்கியில் அவர்கள் பெயரைச் சொன்னபோது ஊரே எழுந்து நின்றது. நடந்து முடியும் இடத்தில் அந்த அம்மா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து ராணி மாதிரித் தலையசைத்தார். வேலியோரம் நின்ற ரோலண்ட் கை சிவக்கத் தட்டினான். பக்கத்தில் நின்ற அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

ஆனால் நடுவர்கள் வந்ததும் ரமீரோ மைதானத்தை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. தன் ஊரில் தன் கடைசி ஆட்டத்தை, உடுப்பில்லாமல், வேலிக்கு வெளியே ரோலண்டோடு நின்று பார்த்தான். கம்பி வலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவன் அணி பாயும்போதெல்லாம் அவன் தோளும் முன்னே போய் வலையில் இடித்தது. அதைப் பார்க்கப் பார்க்க, மாலையில் நெஞ்சில் வந்த நிறைவெல்லாம் ரோலண்டுக்கு வடிந்துபோனது. தப்பு செய்தவன் இந்நேரம் வேறொரு மைதானத்தில் ஆடுகிறான். செய்யாதவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இதற்கு விதி என்று பெயர் வேறு.

அதே நேரத்தில் டோர்வெல்லும் ஜெயித்துக்கொண்டிருந்தது. மாவட்ட ஆட்டங்களுக்குத் தகுதியும் பெற்றுவிட்டது. ஆனால் டாட் அன்றைக்கும் ஒருதரம் விழுந்தான். யாரும் பக்கத்திலேயே வராதபோது விழுந்ததால் நடுவர் கொடி போடவில்லை. கோணலாக விழுந்ததில் மணிக்கட்டு நிஜமாகவே பிசகிவிட்டது. பிசகியது வலது கை. அவன் இடது கையால் எறிபவன், அதனால் எறிவதற்கு வருவான். ஆனால் பந்தை அந்தக் கையால் பிடித்து விட முடியாது.

சனிக்கிழமை காலை ஸ்டிக்னி பீட்ரூட் வயலுக்கே வந்தார். ரோலண்ட் லாரியின் பக்கப் பலகையை மாட்டிக்கொண்டிருந்தான். அவர் கையில் அவனுடைய சட்டை இருந்தது, துவைத்து மடித்தபடி.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார். "அணிக்கு நீ வேணும். வந்து உதை."

"விழமாட்டேன், கோச்."

"விழவேண்டாம்பா. யார் விழச் சொன்னா?"

யார் விழச் சொன்னா! ரோலண்ட் பலகையை விட்டுவிட்டு இறங்கி வந்தான். "சரி. வர்றேன். ஆனா வியாழக்கிழமை பயிற்சிக்கு முன்னால, எல்லாப் பையன்கள் முன்னாலயும் நீங்க சொல்லணும். ரமீரோ தொடலைன்னு. சங்கத்துக்கும் அதை எழுதிப் போடணும். அவன் ஆட்டம் திரும்ப வராது. பேராவது சுத்தமாகட்டும்."

ஸ்டிக்னி வயலைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். "சீசன் முடியட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

"ஆட்டத்துக்கு முன்னாலயே."

"நீ என்கிட்ட நிபந்தனை போடறியா?"

"நீங்க என்கிட்ட கேக்க வந்திருக்கீங்க, கோச்."

ஸ்டிக்னி சட்டையை லாரியின் முன்பக்கத்தில் போட்டார், மறுபடி எடுத்துக்கொண்டார். "உன்னை மாதிரி ஒரு சுயநலக்காரனை நான் பார்த்ததில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அந்தச் சொல்லைக் கேட்டு ரோலண்டுக்குச் சிரிப்பதா, அந்த வண்டிமேல் ஒரு பீட்ரூட்டை வீசுவதா என்று தெரியவில்லை. வீசவில்லை. ரொம்ப நாள் கழித்து, வீசியிருக்கலாம் என்று தோன்றியது.

மாவட்ட ஆட்டத்தில் டோர்வெல்லுக்கு உதைக்க ஆளே இல்லை. பந்தோடு ஓடுகிற பையன் ஒருவனை உதைக்க நிறுத்தினார்கள். முதல் உதை பக்கவாட்டில் கூட்டத்துக்குள் போனது, இரண்டாவது தடுக்கப்பட்டுப் பின்னால் உருண்டது. அப்புறம் நாலாவது முயற்சியிலும் ஓடியே பார்த்தார்கள். ஆலைக்குச் சுமை ஏற்றிக்கொண்டு அப்பாவோடு போன ரோலண்ட் இதையெல்லாம் லாரி ரேடியோவில் கேட்டான். பெரிய தோல்வி. வர்ணனை செய்தவர் இரண்டு தடவை அவன் பெயரைச் சொன்னார். ஊரைக் கைவிட்டவன் என்றார். டாட் விழுந்ததைப் பற்றி ஒரு தடவையும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை டீசல் போட நிறுத்தியபோது, பெர்னியின் பங்க் கடைக்குள்ளிருந்து ரோலண்ட் முகம் சிவக்க வெளியே வந்தான். கதவை அறைந்து சாத்திக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தான்.

"என்னவாம் பெர்னிக்கு?" என்று கேட்டார் எட்வின்.

"நான் ஊர் பேரைக் கெடுத்துட்டேனாம். நானாம்ப்பா! நான் உதைச்சிருந்தா ஜெயிச்சிருப்போமாம்."

"ஜெயிச்சிருப்போமா?"

ரோலண்ட் யோசித்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஜெயிச்சிருப்போம்."

"ம்" என்றார் எட்வின். "பெர்னிகிட்ட நீ என்ன சொன்னே?"

"அன்னைக்கு விருந்துல, இன்னும் ஒருதரம் போடுன்னு கத்தினது நீங்கதானேன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"காபி மெஷினைத் துடைக்க ஆரம்பிச்சுட்டார்."

எட்வின் உரக்கச் சிரித்தார். ரோலண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்பா கியரைப் போட்டு, லாரி சாலைக்கு ஏறி, ஆற்றுப் பாலத்தை நோக்கித் திரும்பியபோதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆட்டங்கள் முடிந்ததிலிருந்து பள்ளி விட்டதும் ஆலை வேலைக்குப் போகும் ரமீரோ, வாசலில் இரண்டாவது ஷிப்டுக்கு நிற்பான். இன்றைக்கு அவனிடம் சொல்லித் தீர்க்க வேண்டியது நிறைய இருந்தது.